முற்றுகைக்குள் ஒரு நிலக்கிரயம்

எருசலேமின் மதிலுக்கு வெளியே பாபிலோன் படை கொத்தளம் எழுப்பிக்கொண்டிருந்தது. யூதாவின் அரசன் சிதேக்கியாவுக்கு அது பத்தாம் ஆண்டு, கி.மு. 588 அல்லது 587. ஊருக்குள் பஞ்சம், கொள்ளைநோய். அரண்மனைக் காவற்சாலையின் முற்றத்தில் தீர்க்கதரிசி எரேமியா அடைபட்டிருந்தார். நகரம் விழும் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதை அரசனால் பொறுக்க முடியவில்லை. அந்த முற்றத்துக்கே அவரைத் தேடி வந்தார் பெரியப்பா மகன் அனாமெயேல். வந்தது நில விஷயமாக. ஆனதோத்தில் இருக்கும் தன் நிலத்தை எரேமியா வாங்கிக்கொள்ள வேண்டும், மீட்கும் உரிமை அவருக்குத்தான் இருக்கிறது என்றார்.

எரேமியா வாங்கினார். விலை பதினேழு சேக்கல் வெள்ளி. ஒரு சேக்கல் ஏறக்குறைய 11 கிராம் என்பதால், மொத்தம் 200 கிராமுக்குச் சற்றுக் குறைவு. தொகை சிறியது. ஆனால் வாங்குகிறவர் போய்ப் பார்க்கக்கூட முடியாத நிலம் அது. எருசலேமுக்கு வடகிழக்கே சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில் இருந்த ஆனதோத்துக்கும் அவருக்கும் நடுவில் பாபிலோனின் படை நின்றது. அந்தப் படை வெல்லும், மக்கள் சிறையாகப் போவார்கள் என்று நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்தவரும் இதே எரேமியாதான். நகரம் தப்பிவிடும் என்று நம்பிய ஒருவர் வாங்கியிருந்தால், அதை ஆசை என்றோ துணிச்சல் என்றோ சொல்லிவிடலாம். இவரோ எல்லாம் பறிபோகும் என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகு வாங்கினார்.

இந்த நிலத்துக்குப் பின்னால் இன்னும் சில வலிகள் உண்டு. எரேமியா புத்தகத்தை முன்பின்னாகப் புரட்டினால்தான் அவை தெரியும். ஆனதோத் அவருடைய சொந்த ஊர். அவர் பேசுவதை நிறுத்தாவிட்டால் கொன்றுவிடுவதாக மிரட்டியவர்களும் அந்த ஊர்க்காரர்கள்தான். அது பதினோராம் அதிகாரத்தில் இருக்கிறது. பதினாறாம் அதிகாரத்தில், இந்த இடத்தில் பெண் கொள்ளாதே, பிள்ளை பெறாதே என்று கடவுள் அவருக்குக் கட்டளையிடுகிறார். முப்பத்தேழாம் அதிகாரத்தில், முற்றுகை கொஞ்சம் தளர்ந்த இடைவெளியில் தன் பங்கைப் பெறுவதற்காக அவர் பென்யமீன் நாட்டுப் பக்கம் கிளம்பியபோது, எதிரியிடம் ஓடுகிறான் என்று வாசலிலேயே பிடித்து, அடித்து, நிலவறையில் போட்டார்கள். ஆக, கொல்லப் பார்த்த ஊரில், சிறையில் இருந்தபடி, வாரிசு இல்லாத ஒருவர் வாங்கிய நிலம் அது. தன் குடும்பத்துக்கென்று அவர் அதில் எதிர்பார்க்க ஒன்றுமே இல்லை.

எழுத்து வேலையை அவர் ஒரு படிகூடக் குறைக்கவில்லை என்பதுதான் இந்த முப்பத்திரண்டாம் அதிகாரத்தில் மனத்தைப் பிடிக்கும் இடம். கிரயப் பத்திரம் எழுதப்படுகிறது, முத்திரை போடப்படுகிறது, சாட்சிகள் கையெழுத்திடுகிறார்கள், வெள்ளி தராசில் நிறுக்கப்படுகிறது. பத்திரம் இரண்டு வகை: முத்திரையிட்டு மூடியது ஒன்று, யாரும் பார்க்கத் திறந்திருப்பது ஒன்று. முற்றத்தில் இருந்த எல்லோரும் பார்க்க அவற்றை எழுத்தர் பாருக்கின் கையில் கொடுத்து, நெடுநாள் கெடாமல் இருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். இந்தத் தேசத்தில் வீடுகளும் வயல்களும் திராட்சத்தோட்டங்களும் மறுபடியும் விலைக்கு வாங்கப்படும் என்ற கடவுளின் வாக்கு அதற்குப் பிறகுதான் அறிவிக்கப்படுகிறது.

இது கதைக்காகச் சேர்த்த அலங்காரம் அல்ல. ஒரே பத்திரத்தை மூடியும் திறந்தும் எழுதிவைக்கும் முறை அந்தப் பகுதியில் பல நூற்றாண்டுகள் நீடித்தது. 1961இல் இகாயேல் யாதீன் சாக்கடல் ஓரக் குகை ஒன்றில் கண்டெடுத்த பாபாத்தா என்ற யூதப் பெண்ணின் ஆவணக் கட்டில், கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்தகைய இரட்டைப் பத்திரங்கள் இருந்தன. எரேமியாவின் காலத்துக்கே நெருக்கமான சான்றும் கிடைத்திருக்கிறது. 1982இல் எருசலேமின் தாவீதின் நகரம் பகுதியில் இகால் ஷிலோ தோண்டியபோது, எரிந்த கட்டடம் ஒன்றில் ஐம்பதுக்கும் மேற்பட்ட களிமண் முத்திரைகள் அகப்பட்டன. அவற்றில் ஒன்றில் சாப்பானின் மகன் கெமரியாவின் பெயர் இருந்தது. அந்தப் பெயர் எரேமியா புத்தகத்தின் முப்பத்தாறாம் அதிகாரத்தில் வருகிறது. பாபிலோனியர் வைத்த தீயில் பத்திரங்கள் சாம்பலாயின. அதே தீ களிமண்ணைச் சுட்டு இறுக்கியதால் முத்திரைகள் மட்டும் தப்பின. 2005இலும் 2008இலும் எய்லாத் மசார் அதே பகுதியில் மேலும் இரண்டு முத்திரைகளைக் கண்டார். செலேமியாவின் மகன் யூகால், பஸ்கூரின் மகன் கெதலியா என்ற பெயர்கள் அவற்றில் இருந்தன. எரேமியாவைக் கொல்ல வேண்டும் என்று அரசனிடம் போய் நின்றவர்களின் பட்டியலில் வரும் பெயர்கள் இவை.

பத்திரம் பானைக்குள் போன பிறகு எரேமியா என்ன செய்தார்? ஜெபித்தார். அந்த ஜெபத்தைத் தேவாலயங்களில் அதிகம் வாசிப்பதில்லை. உம்மால் ஆகாதது ஒன்றுமில்லை என்று தொடங்கி, படைப்பையும் எகிப்திலிருந்து வந்த மீட்பையும் சொல்லி, கடைசியில் ஒரு திகைப்பில் வந்து முட்டி நிற்கிறது அது: கொத்தளங்கள் எழும்பிவிட்டன, நகரம் கல்தேயர் (பாபிலோனியர்) கையில் போகிறது, நீரோ சாட்சி வைத்து நிலம் வாங்கச் சொல்கிறீர். கேள்விக்குறி இல்லாத கேள்வி. கீழ்ப்படிந்த மனிதரின் திகைப்பு இது. நம்பிக்கை முழுதாகத் தெளிந்த பிறகு அவர் வெள்ளியை நிறுக்கவில்லை. நிறுத்துக் கொடுத்துவிட்டு, தெளியாததைக் கடவுளிடமே கொண்டுபோய் வைத்தார். சந்தேகம் வருவதே விசுவாசக் குறைவு என்று சொல்லி, காத்திருக்கிறவர்களின் மனத்தைப் புண்படுத்தும் போதகர்கள் இந்த ஜெபத்தைப் பொறுமையாக ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும்.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பு நடந்த ஒரு மோதலோடு சேர்த்துப் பார்த்தால் அந்தக் கிரயத்தின் கனம் கூடுகிறது. சிதேக்கியாவின் நாலாம் ஆண்டு. கி.மு. 597இல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார், யூதாவின் அப்போதைய அரசன் எகொனியாவையும் ஆலயத்தின் பணிமுட்டுகளையும் ஆயிரக்கணக்கானோரையும் பாபிலோனுக்குக் கொண்டுபோயிருந்தான். எஞ்சியவர்கள் அவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று ஏங்கிக்கொண்டிருந்தார்கள். அப்போது அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எழுந்து, இரண்டே வருடத்தில் எல்லாரும் எல்லாமும் திரும்பிவரும் என்று கடவுளின் பெயரால் அறிவித்தார். பாபிலோனுக்கு அடங்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் கிடந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைத்தார். எரேமியாவின் முதல் பதில் ஆமென். அப்படியே ஆகட்டும் என்று அவரும் மனதார விரும்பினார். ஆனால் சமாதானம் சொல்லும் தீர்க்கதரிசியை அவர் சொன்னது நடக்கும்போதுதான் அறிய முடியும் என்று சொல்லிவிட்டு, தன் வழியே போய்விட்டார்.

அந்தக் காலத்தில் அவர் பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், பெண் கொண்டு பெண் கொடுத்துப் பெருகுங்கள், நீங்கள் இருக்கும் அந்த நகரத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள். எழுபது வருடம் ஆகும். கடிதம் வாசிக்கப்பட்டதும் செமாயா என்பவர் கொதித்துப்போய், இந்தப் பைத்தியக்காரனை ஏன் தொழுவில் மாட்டவில்லை என்று எருசலேம் ஆசாரியனுக்குப் பதில் எழுதினார். நெடுங்காலம் ஆகும் என்று சொன்னதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் மிகப் பரிச்சயமான ஒரு வசனம் இந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது. தீமைக்கல்ல, சமாதானத்துக்கான நினைவுகளையே கடவுள் தன் மக்கள்மேல் கொண்டிருக்கிறார் என்று சொல்லும் எரேமியா 29:11 அது. புத்தாண்டு இரவு ஆராதனையில் கொடுக்கப்படும் வாக்குத்தத்த அட்டைகளில், சுவர்க் காலண்டர்களில், திருமணப் பத்திரிகைகளில் அது வருகிறது. வேலை கிடைக்காத மகனுக்காக, குழந்தைக்காக, நோய் தீர்வதற்காகக் காத்திருக்கும் எத்தனையோ பேர் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்கள் அப்படி நிற்பதில் தவறில்லை. ஆனால் அதற்கு முந்தின வசனமான பத்தாம் வசனம் எழுபது வருடம் என்கிறது. கடிதத்தை முதலில் கேட்டவர்களில் பெரியவர்கள் பெரும்பாலோர் பாபிலோனிலேயே சாகப்போகிறவர்கள். பதினோராம் வசனம் அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்லப்பட்டது. சாகும் இடத்திலேயே தோட்டம் போடச் சொன்ன கடவுள்தான், உங்களைப் பற்றிய என் நினைவு நல்லது என்றும் சொன்னார். பத்தை அறுத்துவிட்டுப் பதினொன்றை மட்டும் அட்டையில் அச்சடிக்கும்போது, எரேமியாவின் வாக்கு அனனியாவின் வாக்காக மாறிவிடுகிறது.

அவர்கள் உண்மையிலேயே வீடு கட்டினார்கள், பயிர் செய்தார்கள். பாபிலோன் அகழாய்வில் கிடைத்து 1939இல் எர்ன்ஸ்ட் வைட்னர் வெளியிட்ட களிமண் பலகைகளில், யூதாவின் அரசன் எகொனியாவுக்கும் அவர் மகன்களுக்கும் அளந்து கொடுக்கப்பட்ட எண்ணெயின் கணக்கு இருக்கிறது. 2014இல் வெளியான இன்னொரு பலகைத் தொகுப்பு, யூதாவிலிருந்து வந்தவர்கள் பாபிலோனியக் கிராமங்களில் வாய்க்கால் ஓர நிலங்களை உழுததையும், வரி கட்டியதையும், கடன் கொடுத்து வாங்கியதையும் காட்டுகிறது. அவற்றில் மிகப் பழையது கி.மு. 572ஐச் சேர்ந்தது, எருசலேம் எரிந்து பதினைந்து ஆண்டுகூட ஆகாத காலம். திரும்பிப்போகும் நம்பிக்கை அவர்கள் கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே போட வைக்கவில்லை.

வாக்கின் நாளைக் கணக்கிட்டுப் பிடிக்க முயன்றவர்களின் வரலாறு வேறு மாதிரி போயிற்று. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து விவசாயியும் பாப்டிஸ்ட் பிரசங்கியுமான வில்லியம் மில்லர், தானியேல் புத்தகத்தின் எண்களை வைத்து 1843-44 காலத்தில் கிறிஸ்து திரும்பி வருவார் என்று கூறினார். அவருடைய இயக்கம் கடைசியில் 1844 அக்டோபர் 22 என்ற தேதியில் வந்து நின்றது. சில விவசாயிகள் அறுவடையை வயலிலேயே விட்டார்கள். சிலர் கடையை மூடினார்கள். பொழுது விடிந்தது, அவர் வரவில்லை. அந்த இரவு வரலாற்றில் பெரும் ஏமாற்றம் என்றே பெயர் பெற்றது. மில்லர் ஊரை ஏய்த்தவர் அல்லர். உருக்கமான விசுவாசி, தான் கணக்கிட்டதில் பிழை என்று ஒப்புக்கொண்டார், 1849இல் கர்த்தருடைய வருகையை எதிர்பார்த்தபடியே இறந்தார். யூத ரபிகளுக்கு இந்த ஆபத்து நெடுங்காலம் முன்பே தெரிந்திருந்தது. தல்மூதின் சன்ஹெத்ரின் பகுதியில், முடிவுகாலத்தைக் கணக்கிடுகிறவர்களுக்கு ஒரு கடுமையான சாபமே இருக்கிறது. குறித்த நாள் தவறினால் மேசியா இனி வரவே மாட்டார் என்று மக்கள் சொல்லிவிடுவார்கள் என்பது அதற்குக் காரணம். ஆனாலும் காத்திரு என்று அதே இடம் சொல்கிறது.

எரேமியாவின் வயலையும் மில்லரின் காலத்து வயலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தக் கட்டுரை சொல்ல வருவது விளங்கும். இரண்டு பக்கமும் கடவுளின் வாக்கை நம்பினார்கள். ஒரு பக்கத்தில் நம்பிக்கை மனிதரை நிலத்தைவிட்டு எழுப்பிக் கூட்டிப்போயிற்று. மறுபக்கத்தில் அது மனிதரை நிலத்திடம் கொண்டுவந்து, வெள்ளியை நிறுக்க வைத்தது. ஆபிரகாமும் இந்த இரண்டாம் பக்கம்தான். எழுபத்தைந்து வயதில் ஆரானைவிட்டுக் கிளம்பியவருக்கு ஈசாக்கு பிறந்தபோது வயது நூறு. இடையில் பொறுக்க முடியாமல் பணிப்பெண் ஆகாரின் வழியாகத் தானே ஒரு வழி பார்த்தார். அதன் துயரத்தை ஆகாரும் இஸ்மவேலும் சுமந்தார்கள். தேசம் முழுவதும் உன் சந்ததிக்கு என்று வாக்குப் பெற்ற அவர் அங்கே விலை கொடுத்து வாங்கிய நிலம், மனைவி சாராளை அடக்கம் செய்ய நானூறு சேக்கலுக்கு வாங்கிய மக்பேலா குகையும் அதைச் சேர்ந்த வயலும்தான்.

ஜெர்மனியின் லுத்தரன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் எரேமியாவின் கிரயத்தை இருபதாம் நூற்றாண்டுக்குள் கொண்டுவந்தார். 1942 முடிவில், ஹிட்லரின் ஆட்சிக்குப் பத்து ஆண்டு நிறையும் தறுவாயில், எதிர்ப்பில் தன்னோடு நின்ற நெருங்கிய சிலருக்கு அவர் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். எதிர்காலத்தைத் திட்டமிடும் உரிமையே பறிபோன தலைமுறை என்று தங்களைப் பற்றிச் சொல்லும் இடத்தில், ஆனதோத் நிலத்தை நினைவூட்டுகிறார். அந்தக் கட்டுரையின் ஒரு பிரதி அவருடைய பெற்றோர் வீட்டின் கூரை ஓடுகளுக்கும் உத்திரங்களுக்கும் இடையில் ஒளித்துவைக்கப்பட்டு, சோதனைகளுக்கும் குண்டுவீச்சுக்கும் தப்பியது. 1943 ஜனவரியில் அவருக்கும் மரியா ஃபொன் வேடமையருக்கும் நிச்சயமாயிற்று. முந்தின ஆண்டுதான் மரியா தன் தந்தையையும் அண்ணனையும் போர்முனையில் இழந்திருந்தார். ஏப்ரல் 5ஆம் தேதி போன்ஹோஃபர் கைதாகி, பெர்லினின் டேகல் சிறைக்குப் போனார். அங்கிருந்து ஆகஸ்டில் மரியாவுக்கு எழுதிய கடிதத்தில் மறுபடியும் எரேமியா வருகிறார். வருங்காலமே இல்லாததுபோல் தெரியும் நேரத்தில் நிலம் வாங்கியது எப்படி ஒரு அடையாளமோ, அப்படியே தங்கள் நிச்சயமும் என்று அவர் கண்டார். இந்தப் பூமியைவிட்டுத் தப்பி ஓடும் நம்பிக்கை அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

அந்தத் திருமணம் நடக்கவில்லை. 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளாசன்பியூர்க் முகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள். வயது 39. இரண்டு வாரத்தில் அமெரிக்கப் படை அந்த முகாமை அடைந்தது.

இங்கே வந்து நின்றுவிட்டு, கடவுள் வாக்குத் தவறாதவர் என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுவது மரியாவுக்கும், எருசலேம் முற்றுகையில் பட்டினியால் இறந்த குழந்தைகளுக்கும் செய்யும் அநியாயம். புலம்பல் என்ற புத்தகம் வேதாகமத்தில் இருப்பதே அந்த அவசரத்தைத் தடுக்கத்தான். எரேமியாவின் கடைசிக் காலமும் சுகமாக முடியவில்லை. நகரம் எரிந்த பிறகு, அவர் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல், தப்பியவர்கள் அவரையும் பாருக்கையும் எகிப்தின் தகபானேசுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த நிலத்தில் அவர் கால் வைத்ததாகவோ, பானையைத் திரும்பத் திறந்ததாகவோ எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் முப்பத்திரண்டாம் அதிகாரத்தின் வாக்கைக் கவனித்து வாசித்தால், எரேமியா அந்த வயலை உழுவான் என்று கடவுள் எங்கும் சொல்லவில்லை. இந்தத் தேசத்தில் நிலம் வாங்கப்படும் என்றுதான் சொன்னார். வாக்கு ஒரு மக்களுக்கு. அதைத் தாங்கிப் பிடிக்கும் வேலை மட்டும் ஒரு மனிதருக்கு. எல்லா வாக்கையும் என் வாழ்நாளுக்குள், என் வீட்டு வாசலுக்குள் நிறைவேற வேண்டிய ஒன்றாக மடித்துவிடும் பழக்கம்தான் காத்திருப்பை இவ்வளவு கொடுமையாக்குகிறது. எபிரெயர் நிருபத்தின் பதினோராம் அதிகாரம், வாக்குப்பண்ணப்பட்டதை அடையாமலே இறந்தவர்களை விசுவாசிகளின் பட்டியலில் துணிந்து சேர்க்கிறது.

தமிழ் வேதாகமமே அப்படிப் பாதியில் கைமாறிய வேலை. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றினார். 1719இல் 36 வயதில் அவர் இறந்தபோது பழைய ஏற்பாட்டில் ரூத்தின் கதை வரைக்கும்தான் வந்திருந்தார். உறவுமுறையான் நிலத்தை மீட்கும் சட்டத்தில்தான் அந்தக் கதை திரும்புகிறது. போவாஸ் தன் உறவினர் எலிமெலேக்கின் நிலத்தை ஊர்வாசலில் சாட்சி வைத்து மீட்கிறார். அனாமெயேல் எரேமியாவிடம் கேட்டதும் அதே சட்டத்தின்படிதான். எரேமியாவின் நிலக்கிரயத்தைத் தமிழுக்குக் கொண்டுவரும் வேலை அவருக்குப் பின் பெஞ்சமின் சூல்ட்சேயின் கைக்கு வந்தது.

பாபிலோன் கி.மு. 539இல் பாரசீக அரசன் கோரேசிடம் விழுந்தது. திரும்பியவர்களின் கணக்கு எஸ்றா புத்தகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் ஊர் ஊராக இருக்கிறது. ஆனதோத்தின் மனிதர் 128 பேர். ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்டபோது, பழைய ஆலயத்தைக் கண்டிருந்த முதியவர்கள் கதறி அழுதார்கள், வேறு பலர் ஆர்ப்பரித்தார்கள். எது அழுகை, எது மகிழ்ச்சி என்று மக்களுக்குப் பிரித்தறிய முடியவில்லை. வாக்கு நிறைவேறியது. எதிர்பார்த்த அளவில் இல்லை.

அதோடு முடிந்துவிடவும் இல்லை. கி.மு. 445 வாக்கில் நெகேமியா எருசலேமின் மதிலைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஏழைகள் கூக்குரலிட்டார்கள். பஞ்சத்தில் தானியம் வாங்கவும் அரசனுக்கு வரி கட்டவும் அவர்கள் வயல்களையும் திராட்சத்தோட்டங்களையும் வீடுகளையும் அடகு வைத்திருந்தார்கள். வாங்கிக்கொண்டவர்கள் சொந்த யூதச் செல்வர்கள். எரேமியா கண்ட வாக்கில் இருந்த அதே வயல்கள், அதே திராட்சத்தோட்டங்கள், அதே வீடுகள்; இப்போது கடனுக்குப் பறிபோய்க்கொண்டிருந்தன. நெகேமியா கோபம் கொண்டு பெரிய சபை கூட்டினார். நிலத்தையும் வாங்கிய வட்டியையும் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார். கொடுத்துவிடுகிறோம் என்று அவர்கள் ஒப்புக்கொண்டதும், அந்தச் சொல்லை மட்டும் நம்பி விட்டுவிடாமல், ஆசாரியர்களை வரவழைத்து அவர்களிடம் ஆணை வாங்கினார்.